தரைப் பலகை எந்த எண்ணில் வரும்

நாளைக் காலை வரைக்கும் ஹாலில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், மரப்பலகைத் தரை ஒட்டியவர்.

உள்ளறையில் மாட்டிக்கொண்டவள் அந்த வீட்டின் மருமகள். சுங்க அதிகாரி. கப்பலில் வந்து இறங்கும் சரக்கு எந்த வரி எண்ணில் வரும் என்று தீர்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தக் கையெழுத்துக்காக வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். இன்றைக்கு அவள் ஒரு டீக்காகக் காத்திருந்தாள்.

டீ ஜன்னல் கம்பி வழியாக வந்தது. கொண்டுவந்த மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்த மாதிரியே இருக்குடி!"

அவளும் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

கட்டிலில் ஒரு கோப்பு விரிந்து கிடந்தது. பாருங்களேன், அதிலும் தரைப் பலகைதான்.

'வெறும் மரப்பலகை' என்று எழுதிக்கொடுத்திருந்தார் இறக்குமதி செய்தவர். அதற்கு வரி குறைவு. இவள் சும்மா இருப்பாளா? ஒரு பலகையை எடுத்து அறுத்துப் பார்த்துவிட்டாள். மேலே நகக்கனத்துக்கு நல்ல மரம். அதற்குக் கீழே மூன்று அடுக்கு மட்ட மரம், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. ஒட்டுப்பலகை என்றால் எண் வேறு, வரி இரண்டு மடங்கு.

அதே ஆளுக்கு இதற்கு முன் வந்த சரக்கெல்லாம் வெறும் பலகை என்றே வெளியே போயிருந்தது. அறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லாமல் என்ன.

நாளை உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும்.

காற்றில் அறைக்கதவு படபடவென்று அடித்தது. முட்டுக் கொடுக்கலாம் என்று, அறை வாசற்படியோரம் மிஞ்சிக் கிடந்த தரைப் பலகையின் வெட்டுத்துண்டு ஒன்றை எட்டி எடுத்தாள்.

எடுத்தவள் நேராக வெட்டுமுகத்தைத்தான் பார்த்தாள். தொழில் புத்தி.

மேலே நகக்கனத்துக்கு நல்ல மரம். கீழே மூன்று அடுக்கு.

திருப்பிப் பார்த்தாள். கோப்பில் ஒட்டியிருந்த படத்தில் உள்ள அதே நீல முத்திரை.

கணவனைக் கூப்பிட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவன் ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாராட்டு வாங்கப் போகிறவனைப் போல நின்றான்.

"ஏங்க, இந்தப் பலகையை யார்கிட்ட வாங்கினீங்க?"

"உங்க ஆபீசுக்கு வருவாரே, அந்த கிளியரிங் ஏஜென்ட். பழைய சரக்குல மிச்சம், குடோன்ல சும்மா கிடக்குது, எடுத்துக்கோங்கன்னார். கூலி மட்டும்தான் நம்ம செலவு. எப்படி, நான் பேசி முடிச்சது?"

அந்த இறக்குமதிக்காரருக்காகச் சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட்தான் அவர். நேற்றுக்கூட மேசைக்கு எதிரே பவ்வியமாகக் கைகட்டி நின்று, "உங்க இஷ்டம் மேடம், எதுவா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று இவளும் நினைத்தாளே!

கத்தித் தீர்க்கலாமென்றால் மாமியார் பக்கத்து ஜன்னலில் நின்று, ஹாலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். கணவனை முறைத்தாள். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவன் விழித்த விழியில், அவளுக்கு அழுகைதான் வந்தது.

வரியைக் கூட்டிப் போட்டால், நாளைக்கே ஒரு புகார் கிளம்பும். வீட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னும் கேட்கிறாள் என்று ஊரெல்லாம் பேசும். குறைத்துப் போட்டாலோ, நிஜமாகவே விலைபோனவள் ஆகிவிடுவாள். பெயர்த்தெடுத்துத் திருப்பி அனுப்பலாமென்றால், அடியில் இருக்கும் சிமெண்டோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது. வேலை போகும், மானம் போகும். அறையின் நாலு சுவரும் ஒரு சாண் உள்ளே நகர்ந்துவிட்டது போல மூச்சு முட்டியது.

ஒரே ஒரு வழி இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவது.

மேலதிகாரியை நம்பிச் சொல்லலாம். அடுத்தவர் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடாத மனிதர். அவர் பெயரைச் சொன்னாலே ஏஜென்டுகள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். அவர் ஒரு குறிப்பு எழுதி, கோப்பை வேறு கைக்கு மாற்றிவிட்டால் போதும், இவள் தலை தப்பும்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் போன் போட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது சார் என்றாள். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

அவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்தபின், பெற்ற மகளுக்குச் சொல்வதைப் போல அவ்வளவு கனிவாகச் சொன்னார்:

"பசை நல்லா காயட்டும்மா, அதுக்குள்ள யாரும் நடந்துடாதீங்க. போன வருஷம் எங்க வீட்டுல இதையே போட்டப்ப அவசரப்பட்டுட்டோம். ஜன்னலோரமா இன்னும் சத்தம் வருது."