புதன்கிழமைக்கு நாலு மணி நேரம்

"அந்த எலக்ட்ரீசியனுக்கு மட்டும் புதன்கிழமை அப்படி என்னம்மா விசேஷம்?"

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைப் பேனா முனையால் தட்டிக்கொண்டே கேட்டார். சைட்டில் யாருக்கு என்றைக்கு எவ்வளவு வேலை என்று ஷெட்யூல் போடும் பிளானருக்கு முகம் சிவந்தது.

திரையில் கட்டடத்தின் மொத்த வேலையும் ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம் என்று கிடந்தது. மூன்றாம் மாடி வயரிங்குக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரம். தினம் எட்டு என்று சாஃப்ட்வேர் தானாகவே பங்கு போட்டுவிடும். அவள்தான் அதை அழித்துவிட்டு ஒன்பது, ஒன்பது, நாலு, ஒன்பது, ஒன்பது என்று கையால் அடித்து வைத்திருந்தாள். அந்த ஆள் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எல்லா வாரமும் அப்படித்தான்.

"மெஷினே சமமா பிரிச்சுக் குடுக்குது. பிளம்பருக்கு எட்டு, பெயிண்டருக்கு எட்டு. இவருக்கு மட்டும் எதுக்கு மேடு பள்ளம்?"

"கூட்டினா நாப்பது சரியா வருது சார். வேலை ஒரு நாள்கூடத் தள்ளிப் போகல."

"நான் கணக்கு கேக்கலம்மா. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு சைட்டே பேசுது. அதைக் கேக்கறேன்."

சைட் பேசவில்லை. பேசியது ஸ்டோர் கீப்பர். ஆபீஸில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். புதன்கிழமை மதியம் எலக்ட்ரீசியன் பைக்கை எடுக்கும்போது பிளானர் ஜன்னலோரம் போய் நிற்பதை முதலில் பார்த்தவர் அவர்தான். பைக்கில் சின்னதாக இன்னொரு ஹெல்மெட் தொங்குவதைப் பார்த்தவரும் அவரே. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? அது யார் தலைக்கு என்பதை அன்று சாயங்காலத்துக்குள் அளவெடுத்தே சொல்லிவிட்டார்.

ரேடியோவுக்கே புரியாத விஷயமும் ஒன்று இருந்தது. மற்ற நாட்களில் ஐந்து மணியானால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் ஓடுகிற பிளானர், புதன்கிழமை மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். எல்லோரும் போன பிறகும், சரியாக இருக்கிற அடுத்த வார ஷெட்யூலையே திரும்பச் சரி பார்த்துக்கொண்டிருப்பாள். வாட்ச்மேன் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வருவார்.

"வீட்டுல தேட மாட்டாங்களாம்மா?"

"இன்னைக்குத் தேட மாட்டாங்கண்ணே."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டால் அடுத்த கேள்வி வராது என்பது தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும். உண்மையில் அவளுக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. கைப்பைக்குள் வீட்டுச் சாவியை எடுப்பதும் மறுபடி போடுவதுமாக உட்கார்ந்திருப்பாள். எலக்ட்ரீசியன் வந்து கூட்டிப் போகக் காத்திருக்கிறாள் என்றார் ரேடியோ. ஆனால் யாரும் வந்ததில்லை.

மேனேஜர் ஆள் அனுப்பி எலக்ட்ரீசியனை வரவழைத்தார். சட்டைப்பையில் டெஸ்டரும் கையெல்லாம் சிமெண்ட் தூசியுமாக அவர் வந்து நின்றார். அவர் தரையைப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்தாள்.

"புதன்கிழமை அரை நாள், நீங்க கேட்டு வாங்கினதா?"

"இல்ல சார். நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கல. அவங்களாத்தான் போட்டாங்க."

"அதானே பாத்தேன்! ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கறதில்ல, பேசறதில்ல. ஆனா என்ன வேணும்னு மட்டும் கேக்காமலே தெரியுது. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் மேனேஜர் மவுஸைப் பிடித்தார். வயரிங் வரியைத் தேடி அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு தட்டு தட்டினால் எல்லாக் கட்டமும் எட்டாகிவிடும்.

"இந்த வாரத்துலேர்ந்து எல்லாருக்கும் எட்டு. இனிமே இந்த ஷெட்யூல்ல நீங்க கை வெக்க வேணாம்."

"சார், புதன்கிழமை மட்டும்..." என்று எலக்ட்ரீசியன் ஆரம்பித்தார். டெஸ்டரை எடுத்து மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

பிளானர் சட்டென்று குனிந்து மவுஸின் வயரைப் பிடுங்கினாள். வேலையில் சேர்ந்த இந்தச் சில மாதங்களில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இப்போது ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"வேணாம் சார்! என் தலையில எவ்வளவு வேலை வேணும்னாலும் ஏத்துங்க, லீவு நாள்லகூட வரேன். அந்த அரை நாளை மட்டும் தொடாதீங்க."

மேனேஜருக்குக் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். வாசல் ஓரத்தில் ரேடியோவின் செருப்பு நுனி தெரிந்தது. அது நகரவே இல்லை.

"வேலை போனாலும் சரின்னு நிக்கறீங்களே, அவர் உங்களுக்கு என்னம்மா வேணும்?"

அவள் நிமிர்ந்து எலக்ட்ரீசியனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. ரொம்ப நாள் தூங்காதவர்களின் களைப்புதான் இருந்தது.

"எனக்கு இப்ப அவர் யாருமில்ல சார்" என்றாள். "புதன்கிழமை மத்தியானம் மட்டும், என் பொண்ணுக்கு அப்பா."