குளிர் போகும் ஓட்டை

அறையில் இருந்தவர்கள் மாசிலாமணி, மனைவி தையல்நாயகி, ஏசி மெக்கானிக் அந்தோணி. சுவருக்கு அப்பால், பாகம் பிரித்த மறுபாதி வீட்டில், பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பி திருமேனி படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

ஒன்றாக வாழ்ந்த காலத்தில், ஒரே ஏசி இரண்டு அறைக்கும் போதுமென்று சுவரில் போட்ட ஓட்டையை அந்தோணி காட்டினான். “பாதிக் குளிரு அந்தப் பக்கம் போயிடுதுங்கய்யா. அடைச்சிட்டா கரண்டு பாதி மிச்சம்.”

“அதெப்படி அடைப்பாரு? வீறாப்பு எங்களுக்கு, குளிரு அவங்களுக்கு,” என்றாள் தையல்நாயகி.

அப்பால் இருமல் கேட்டது. மாசிலாமணி அது அடங்கும்வரை காத்திருந்தார்.

“சிமெண்ட் வேணாம். காத்து வர்ற தகட்டை ஓட்டையப் பாத்துத் திருப்பி வை.”

அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டதாக ஊரில் பேச்சு. அது பொய். இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.