ஜன்னலோர இருக்கை

அந்தச் சினிமா விமர்சகி எந்தப் படத்தையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுவாள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை நாயகனை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களை மட்டும் பார்ப்பாள். படத்தின் பொய் அங்கேதான் பல்லிளிக்கும்.

இன்றைய படம் முழுக்க விமானத்துக்குள் நடக்கும் திகில் கதை. எழுதி முடித்துவிட்டு, ஊரிலிருந்து வரும் தம்பியை அழைத்துவர விமான நிலையம் போக வேண்டும்.

வீட்டுத் திரையில், முதல் முறை காலியாக இருந்த ஜன்னலோர இருக்கையில் இரண்டாம் முறை தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர், அதே கோணல் கழுத்து.

அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அதே ஸ்வெட்டரில் தம்பி. அவளுக்குப் போன உயிர் வந்தது.

"சீக்கிரமே வந்துட்டேன்க்கா. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? இன்னைக்கு யாரு படத்தைக் கிழிச்சுத் தொங்கவிடப்போற?" என்று சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனான்.

திரையில் விமானம் தரையிறங்கியிருந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். பணிப்பெண் ஜன்னலோரம் குனிந்து, "நீங்க எறங்கலையா சார்?" என்று கேட்டாள்.

"அக்கா வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா" என்றான் தம்பி.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. அவள் ஓசைப்படாமல் கார் சாவியை எடுத்தாள்.