மூன்று விநாடி

சைரன் அலறியது. அட்டை வெட்டும் எந்திரத்தின் புரோகிராமைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்த வான்மதி பதறி ஓடினாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் புரோகிராமுக்கு அவள் முதன்மை ஸ்கிரிப்ட் எழுத, அது கூப்பிடும் சிறு துணைநிரல்களான மாட்யூல்களைப் பக்கத்து நாற்காலியில் செங்குட்டுவன் சி மொழியில் எழுதினான். கடைசியாகச் சேர்த்த மாட்யூலுக்கு 'மூச்சு' என்று பெயர் வைத்தான். கத்தி இறங்குமுன் மூன்று விநாடி சும்மா இருப்பதுதான் அதன் வேலை.

"உன்ன மாதிரியே சோம்பேறி!" என்றாள். அவன் சிரித்தானே தவிர, காரணம் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் 'மூச்சை' நீக்கியிருந்தாள்.

எந்திரம் ஓட்டும் ஜெபமணி அக்காவின் இடது கை விரலுக்கு ஓர் அங்குலம் மேலே கத்தி நின்றிருந்தது. அவளுடைய வலது கை அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியபடி இருந்தது.

"குட்டுவன் தம்பி வச்ச மூணு விநாடிய எடுத்துட்டீங்களா, மேடம்? என் இடது கை மெதுவாத்தான் வரும். வேலை போயிடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."