பிரிக்காத உறை

உயில் இருந்த உறையை அருள்குமார் பதினாறு நாளும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான்.

"நான் செத்த உடனே பிரிச்சுப் படிடா" என்று சொல்லித்தான் அப்பா கொடுத்தார். ஆனால் பிணத்தை வீட்டில் கிடத்திவிட்டு உயிலைப் படித்தான் என்றால் கம்பைநல்லூரே காறித் துப்பாதா?

தம்பி மாதேஸுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏதோ டிரஸ்ட்டுக்காரங்க வூட்டுக்கு வந்து அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்களாம். நெலத்தையெல்லாம் தருமத்துக்கு எழுதிட்டாரோ என்னமோ! பிரிண்ணா."

"கருமாதி முடியட்டும். அதுக்கு முன்னால தொட்டா நாம மனுசங்களாடா?"

கருமாதி முடிந்தது. பங்காளிகள் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, அருள்குமார் எல்லார் முன்னாலும் பெருமையாக உறையைப் பிரித்தான்.

நிலம் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. மாதேஸ் பெருமூச்சு விட்டான்.

அடுத்த வரிக்கு வந்ததும் அருள்குமார் சத்தமாகப் படிப்பதை நிறுத்தினான். மாதேஸ் எட்டிப் பார்த்தான்.

'என் கண்களைத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்னாலேயே சொன்னால் தடுப்பீர்கள். சுமித்ரா மாதிரி காத்திருக்கும் இரண்டு பேருக்காவது ஆகட்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமாம். அருளு, அழுதுகொண்டு உட்காராதே. முதலில் இந்த நம்பருக்குப் போன் போடு.'

நாலு வருசமாகக் கருவிழிக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் தங்கை சுமித்ரா, சுவரைத் தடவியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏண்ணா நிறுத்திட்டீங்க? சத்தமாப் படிங்க. என்னப் பத்தி அப்பா ஏதாச்சும் எழுதியிருக்காரா?"