ஃபேனுக்கு எதிரே ஓர் இடம்

நாத்தனார் சீட்டில் கள்ளாட்டம் ஆடுவதை மருமகள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

நாத்தனார் தன் கையிலிருந்த ஒரு சீட்டைத் தலையணைக்கு அடியில் செருகினாள். நடுவில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளிலிருந்து வேறொன்றை உருவிக்கொண்டாள். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. பச்சைக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தயம் லேசுப்பட்டதா என்ன? தகரக் கூரை போட்ட அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன். அதுவும் கழுத்து இறுகிப்போய் ஒரே பக்கம்தான் பார்க்கும். அவள் வீட்டுக்காரன் மெக்கானிக். ஊர் வண்டிகளையெல்லாம் ஓட வைப்பவனுக்கு வீட்டு ஃபேனின் கழுத்தைத் திருப்ப மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

அதனால் கோடை தொடங்கியதுமே வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. பகல் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேரும் அவரவர் தலையணையோடு வந்து உட்கார்ந்து ஓர் ஆட்டம் ரம்மி. ஜெயிப்பவருக்கு ஃபேனுக்கு நேர் எதிரே நாலு மணி வரை படுக்கை. தோற்றவர்கள் பழைய பேப்பரை மடித்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

மருமகளுக்கு அந்த இடம் உயிர். விடியற்காலை மூன்றரைக்கே பேக்கரி அடுப்பு முன்னால் போய் நிற்பவள் அவள். நானூறு பன்னை வேகவைத்து எடுத்துவிட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பும்போது அவளே பாதி வெந்திருப்பாள்.

ஆனால் ஒன்பது நாளாக அந்த இடம் அவளுக்குத்தான். தொடர்ந்து ஒன்பது வெற்றி. மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சீட்டில் அவரை அடிக்க டிரைவர்களில் ஆளே கிடையாது என்று பேர். அவரையே மண்ணைக் கவ்வ வைத்தாகிவிட்டது. பேக்கரியில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. முட்டை போட வருகிறவர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

லீவுக்கு மகளோடு வந்திருந்த நாத்தனாருக்கு அவள் இலவச வகுப்பே எடுத்தாள். சீட்டு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள். நாத்தனாரும் பவ்யமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அப்படிக் கேட்டவள் செய்கிற வேலையா இது?

"தலையணைய விட்டுக் கைய எடு," என்றாள் மருமகள்.

"எதுக்கு அண்ணி?"

"எடுன்னா எடு. நான் என் திறமையில ஜெயிக்கிறேன். நீ சீட்ட மாத்தி ஜெயிக்கப் பாக்கிற."

நாத்தனார் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவள் மறுமுனையை இழுத்தாள். நடுவே போன மெக்கானிக்குக்கு ஒரு உதை விழுந்தது. அடுத்த இழுப்பில் தலையணை வாய் பிளந்தது.

பஞ்சு நேரே ஃபேனுக்கு முன்னால் போய் விழுந்தது. அவ்வளவுதான், வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது. மாமனாருக்குப் புதிதாக ஒரு தாடி முளைத்தது. நாத்தனாரின் மகள் குதித்துக் குதித்துப் பஞ்சைப் பிடித்தாள்.

மருமகள் இதற்கெல்லாம் அசரவில்லை. குனிந்து அந்தச் சீட்டை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

ஜோக்கர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிடைக்காதா என்று ஆளாளுக்குத் தவம் கிடக்கிற சீட்டு அது. இதைப் போய் யாராவது ஒளிப்பார்களா?

"அம்மா மட்டும் இல்ல அத்தை, தாத்தா தலையணையையும் பாருங்க," என்றாள் நாத்தனாரின் மகள்.

மாமனார் அவசரமாகத் தலையணை மேல் ஏறி உட்கார்ந்தார். முட்டி வலி, எழுந்திருக்க முடியாது என்றார். மருமகள் பக்கவாட்டில் கையை விட்டு உருவினாள். இரண்டு ஜோக்கர்.

சந்தேகம் வந்து வீட்டுக்காரன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி விரித்தாள். பதின்மூன்றும் அழகாகச் சேர்ந்து, ஆட்டத்தை முடிக்கத் தயாராக இருந்தன.

"மூணாவது சுத்துலயே சேந்துடுச்சு," என்றான் அவன் குற்றவாளி மாதிரி. "என்ன பண்றதுன்னு தெரியாம வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

மாமனார் தாடியை ஊதித் தள்ளினார்.

"அடுப்புல வெந்துட்டு வர்றியே, நீ ஃபேன்கிட்ட படும்மான்னு நானும் சொன்னேன், இவனும் சொன்னான். கேட்டியா? பெரியவர் வேர்த்துக் கெடக்க எனக்கு மட்டும் காத்தான்னு சமையல்கட்டுல போய்ப் படுத்துக்கிட்ட. குடுத்தா வாங்க மாட்ட. ஜெயிச்சா வாங்கிப்பேன்னு தெரியும்."

மருமகளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. மூக்கில் பஞ்சு ஒட்டியிருந்ததால் நடுவில் ஒரு தும்மலும் வந்தது. எல்லாரும் சிரித்ததில் அவளும் சிரித்துத் தொலைத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. முட்டைக்காரர் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"அப்போ ஒன்பது நாளா நான் ஆடினது ஆட்டமே இல்லையா?" என்றாள்.

நாத்தனார் அவள் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"யாரு சொன்னா? நீங்க ஆடற அழகுக்கு உங்ககிட்ட தோக்கறது சாதாரண விஷயமா அண்ணி? தினமும் காலையில நீங்க அந்தப் பக்கம் பேக்கரிக்குப் போனதும், நாங்க நாலு பேரும் இந்தப் பக்கம் உக்காந்து தோக்கறதுக்குப் பயிற்சி எடுக்கறோம்."