பாண்டியின் கறுப்புக் கண்ணாடி

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கோலை முழங்காலில் சாய்த்துவைத்து, மட்டாஞ்சேரி நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்தான் பாண்டியராஜ். மேஜைமேல் கிடந்த தடித்த பிரெய்ல் புத்தகத்தில் அவன் விரல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"மெதுவா தடவுடா. தோசைக்கல்லா தொடைக்கிற?" என்று அதட்டினார் நூலகர் சிவராமகிருஷ்ணன்.

"கடையில ஆளில்ல சாரே, சீக்கிரம் முடிங்க!"

பாண்டி எதிர் சாயாக்கடையில் டீ ஆற்றுகிற தேனிக்காரன். தெருமுனையில் வருகிறவருக்குச் சர்க்கரை போடலாமா கூடாதா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட கண்.

சிவராமகிருஷ்ணனுக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன். கண் தெரியாத வாசகர் ஒருத்தரையாவது காட்டாவிட்டால் பிரெய்ல் புத்தகமெல்லாம் களமசேரிக்கு வண்டியேறிவிடும், அறைக்குப் பூட்டு விழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து விறுவிறுவென்று உள்ளே வந்தாள் கற்பகம். பக்கத்துச் சுக்கு குடோனில் வேலை. தலை நிறைய முல்லைப்பூ, வாய் நிறைய வம்பு.

"என்ன பாண்டி, கண்ணாடியெல்லாம் போட்டு சினிமாக்காரன் கணக்கா இருக்கியாமே! கடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"அக்கா, சும்மா இருக்கா! எனக்கே வேர்த்து ஊத்துது."

சிவராமகிருஷ்ணன் பல்லைக் கடித்தார். "இன்னைக்கு வராதேன்னு சொன்னேனா இல்லையா? போன தடவை வந்த சார் உன்னைப் பார்த்துட்டுத்தானே 'கண்ணு தெரியாதவங்க யாரும் இங்க வர்றதில்ல'ன்னு எழுதிட்டுப் போனாரு!"

"அவரு எழுதினா அது என் பிழையா? சோத்து நேரத்துல மட்டும்தான் குடோன்ல விடுவான். கதை பாதியில நிக்குது சாரே, ராத்திரியெல்லாம் உறக்கம் இல்ல."

வாசலில் கார் வந்து நின்றது.

"போய் அந்த மூலையில உட்காரு. வாயைத் திறந்தே, தெரியும் சேதி!"

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஷைலஜா மேடம் உள்ளே வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே வரும். நேராகப் பாண்டியிடம் போய் அவன் தோளில் கை வைத்தார்.

"என்ன வாசிக்கிறே மோனே?"

"கதைப் புத்தகம் மேடம்."

"எப்படி இருக்கு?"

பாண்டி விரலால் இன்னொரு தரம் தடவிப் பார்த்தான். "கொரகொரன்னு இருக்கு மேடம்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு சத்தியமான வார்த்தை! வாழ்க்கையே அப்படித்தானே?" என்றவர், அவனோடு சேர்ந்து நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். "சிவராமகிருஷ்ணன், இந்த ரூமை யாரும் மூட மாட்டாங்க. நான் எழுதித் தரேன்."

சிவராமகிருஷ்ணனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அது முழுசாக வெளியே வருவதற்குள் மேடத்தின் பார்வை மூலைக்குப் போய்விட்டது. அங்கே கற்பகம், மடியில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?"

"அது... பக்கத்து குடோன்ல வேலை பார்க்குது மேடம். இப்பப் போயிடும்."

மேடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சேச்சி, எந்திரிங்க! இந்தப் பாவம் பையன் மாதிரி உள்ளவங்களுக்கு வச்ச புத்தகம் அது. அதை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல்ல வேடிக்கையா பார்க்கிறீங்க? 'பார்வையற்றோருக்கு மட்டும்'னு செவுத்துல இத்தனை பெரிய போர்டு மாட்டியிருக்கே, அதைப் படிச்சா என்ன?"

கற்பகம் முகத்தைத் திருப்பவில்லை, வரியிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

"என் கையைக் கொண்டுபோய் அதுமேல வைங்க மேடம், படிக்கிறேன்."